குப்பைக்கூடையிலிருந்து ஒரு போனஸ்

2001 அக்டோபரில் ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ முதல்முறையாக டிவிடியாக வந்தது. இரண்டு தட்டு, பளபள அட்டை, ‘பிளாட்டினம் எடிஷன்’ என்று பட்டம் வேறு. அதில் ஒரு ஸ்பெஷல் அயிட்டம்: படம் ஓட ஓட, வால்ட் டிஸ்னியே கூடவே பேசிக்கொண்டு வருவார். ஆடியோ கமெண்டரி. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மனிதர் 1966 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்!

பயப்படாதீர்கள், ஆவி சமாச்சாரம் ஒன்றுமில்லை. பழைய பேட்டிகளில் அங்கங்கே அவர் பேசியதை வெட்டி ஒட்டி, நடுவில் ஜான் கேன்மேக்கர் என்ற அனிமேஷன் வரலாற்றாசிரியரைப் பேசவைத்துச் சமாளித்திருந்தார்கள். உண்மையில் நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும், செத்து 35 வருஷமான ஆளை மறுபடி வேலைக்குக் கூப்பிட எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? அவரே ஆரம்பித்த கம்பெனிக்கு வந்தது.

    

படம் மொத்தம் 83 நிமிடம். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்தே சர்க்கிள் தியேட்டரில் முதலில் ஓடியபோதும் அதே கதை, இன்றும் அதே கதை. ஆப்பிளைக் கடிக்காதே என்று நாம் எத்தனை முறை கத்தினாலும் அந்தப் பெண் கடிக்கத்தான் போகிறாள். ஆனால் 1994-ல் வீடியோ கேசட், லேசர் டிஸ்க், 2001-ல் டிவிடி, 2009-ல் ப்ளூ-ரே, 2016-ல் இன்னொரு ப்ளூ-ரே, 2023-ல் 4கே என்று அதே படத்தை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். ‘போன தடவை வாங்கினேனே, இப்போது எதற்கு?’ என்று எந்தத் தகப்பனும் கேட்பான். அந்தக் கேள்விக்கு டிஸ்னி கண்டுபிடித்த பதில்தான் போனஸ் ஃபீச்சர்ஸ்.

இத்தனைக்கும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பது என்றாலே ஆரம்பத்தில் டிஸ்னிக்கு ஆகாது. சோனியின் பீட்டாமேக்ஸ் என்ற ரெக்கார்டர் வந்ததும், 1976-ல் யூனிவர்சலும் டிஸ்னியும் கைகோத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடின. டிவியில் வரும் படத்தை ஜனங்கள் பதிவு செய்துவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று ஒரே ஒப்பாரி. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1984 ஜனவரியில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சோனி ஜெயித்தது. தோற்ற டிஸ்னி என்ன செய்தது? அதே வருஷக் கடைசியில் ‘ராபின் ஹூட்’ படத்தைக் கேசட்டில் போட்டு விற்க ஆரம்பித்தது!

ஆனால் ஸ்னோ ஒயிட்டை மட்டும் தரவில்லை. பாட்டி முறுக்கு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு, எப்போதாவது இரண்டு எடுத்துக் கொடுப்பாளே, அந்த மாதிரி. 1944-ல் தொடங்கி 1993 வரை எட்டு முறை தியேட்டரில் திரும்பத் திரும்ப ரிலீஸ் செய்தார்கள். போன முறை பார்த்த குழந்தைகள் வளர்ந்துவிடும், புதுக் குழந்தைகள் பிறந்துவிடும். மார்க்கெட்டிங் செலவில் பாதியை இயற்கையே பார்த்துக்கொண்டது.

கேசட், டிவிடி காலத்திலும் இதே உத்திதான். கொஞ்ச நாள் விற்பார்கள், பிறகு ‘படம் பெட்டகத்துக்குள் போகிறது’ என்று அறிவிப்பார்கள். டிஸ்னி வால்ட் என்று அதற்குப் பெயர். ஏதோ திருப்பதி உண்டியல் மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடைக்கு சப்ளை செய்வதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

1994-ல் ஒருவழியாகக் கேசட் வந்தது. 1995-க்குள் 2 கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றன என்கிறார்கள். பத்து வருஷம் முன்னால் ஒரே ஒரு நீதிபதி மனசு மாறியிருந்தால் டிஸ்னி அந்த வழக்கில் ஜெயித்து, இத்தனை பணத்தையும் கோட்டைவிட்டிருக்கும். தோற்கடித்த ஐந்து நீதிபதிகளுக்கும் ஆளுக்கொரு கேசட்டாவது இலவசமாக அனுப்பியிருக்கலாம்.

பர்பேங்க் நகரில் உள்ள டிஸ்னி தலைமை அலுவலகத்தை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மைக்கேல் கிரேவ்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கிரேக்கக் கோயிலில் தூண் இருக்கவேண்டிய இடத்தில் குள்ளர்கள் நின்று கூரையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கலைநயம் என்று சொன்னார்கள். எனக்கென்னவோ அது கம்பெனியின் வரவு செலவுக் கணக்கு மாதிரிதான் தெரிகிறது.

சரி, போனஸுக்கு வருவோம். அதில் உருப்படியானவை எல்லாம், ஒரு காலத்தில் வால்ட் டிஸ்னி ‘வேண்டாம், தூக்கிப் போடு’ என்று சொன்னவை. இதுதான் இந்தக் கதையின் பெரிய வேடிக்கை.

உதாரணம், சூப்பு. ஸ்னோ ஒயிட் சமைத்துக் கொடுத்த சூப்பை ஏழு குள்ளர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சர்ர்ர் என்று உறிஞ்சிக் குடிக்கிறார்கள். பாட்டோடு, தாளத்தோடு, அநாகரிகத்தின் உச்சத்தோடு. வார்ட் கிம்பல் என்ற இளம் அனிமேட்டர் பல மாதம் உட்கார்ந்து வரைந்த காட்சி இது. இதோடு குள்ளர்கள் அவளுக்குக் கட்டில் செய்துகொடுக்கும் காட்சியும் ஒன்று. இரண்டையும் பார்த்தார் வால்ட். சிரித்தார். கதை நகரவில்லை என்று சொல்லி இரண்டையும் வெட்டினார்.

கிம்பலின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! ராஜினாமா செய்யும் முடிவோடுதான் முதலாளியின் அறைக்குள் போனாராம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகமெல்லாம் பல். உள்ளே வால்ட் அவரிடம் ‘பினோக்கியோ’ படத்துக்காக ஒரு சில்வண்டை ஒப்படைத்திருந்தார். அதுதான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற ஜிமினி கிரிக்கெட். சம்பள உயர்வு கேட்டுப் போய் புது ப்ராஜெக்டோடு திரும்பி வரும் ஐடி நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

வெட்டிய சூப்பு வீணாய்ப் போகவில்லை. 1956-ல் தன் டிவி நிகழ்ச்சியில் வால்டே அந்தப் பென்சில் படங்களை எடுத்துக் காட்டினார், ‘இதை வெட்டினேன் பாருங்கள்’ என்று. டெலீட்டட் சீன் என்ற சரக்கை டிவிடி பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கண்டுபிடித்த புண்ணியவான் அவர்தான். 2001 டிவிடியில் சூப்பும் கட்டிலும் பென்சில் கோடுகளாகவே இருக்கின்றன. வண்ணம் இல்லை, பின்னணி இல்லை. நான் சொல்வதை நம்புங்கள், படத்தில் இருக்கும் பல காட்சிகளைவிட இந்தச் சூப்புக்கு ருசி அதிகம்.

2009 ப்ளூ-ரேயில் இதன் தொடர்ச்சி ஒன்று வந்தது. ‘ஸ்னோ ஒயிட் ரிட்டர்ன்ஸ்’ என்ற பெயரில் ஒரு குறும்படத்துக்கான பழைய ஸ்டோரிபோர்டுகள் அகப்பட்டனவாம். முதல் படத்தில் மிஞ்சிய சூப்பையும் கட்டிலையும் சுடவைத்துப் பரிமாறத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பார்ட் டூ மோகம் நம் காலத்து வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து இளவரசன். படத்தில் இந்த ஆசாமி ஆரம்பத்தில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு மறைகிறான், கடைசியில் வந்து முத்தம் கொடுக்கிறான். கெஸ்ட் ரோல்தான். ஏன் இப்படி? அவனுக்குப் பெரிய ஆக்‌ஷன் எபிசோட் எழுதியிருந்தார்கள். ராணி அவனைப் பிடித்துப் பாதாளச் சிறையில் அடைக்கிறாள், எலும்புக்கூடுகளை ஆடவிட்டு வேடிக்கை காட்டுகிறாள், அவன் தப்பிக்கிறான். ஸ்டோரிபோர்டெல்லாம் தயார். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு சாதாரண ஆண்பிள்ளையை அழகாக நடக்கவைத்து வரைய அந்த ஸ்டுடியோவில் யாருக்கும் கைவரவில்லை என்று. குள்ளன் வரும், கிழவி வரும், மான் வரும், ஆமை வரும். ஹீரோ வரமாட்டேன் என்கிறான்!

ஸ்னோ ஒயிட்டுக்காவது மார்ஜ் பெல்ச்சர் என்ற சின்னப் பெண்ணை ஆடவைத்து, அதைப் படமெடுத்துப் பார்த்து வரைந்தார்கள். அந்தப் பழைய ஃபிலிம் துண்டுகளும் போனஸில் உண்டு. இளவரசனுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசிக் காட்சியில் அவன் கோடுகள் லேசாக நடுங்கின. திருத்தலாம் என்றார் வால்ட். கஜானாவைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ராய் டிஸ்னி, நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும் என்று கைவிரித்துவிட்டார். இரண்டரை லட்சம் டாலர் பட்ஜெட் 15 லட்சத்தைத் தொட்டுவிட்ட நேரம் அது. படம் பாதியில் இருக்கும்போதே ஊர் அதற்கு ‘டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்’ என்று பெயர் வைத்திருந்தது. அண்ணன் நடுங்கிய நடுக்கத்துக்கு முன்னால் இளவரசன் நடுங்கியது எம்மாத்திரம்?

சிறையில் அடைபடும் இளவரசன் ஐடியாவையும் அவர்கள் விடவில்லை. 1959-ல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் அப்படியே எடுத்து வைத்தார்கள். இடையில் 22 வருஷம். அதற்குள் ஆண்பிள்ளை வரையக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மன்னிக்க வேண்டும், குள்ளர்களுக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்லாமல் போகமுடியாது. ஜம்பி, டெஃபி, பால்டி, பர்ப்பி என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டுக் கழித்திருக்கிறார்கள். குதிப்பவன், செவிடன், வழுக்கையன், ஏப்பக்காரன்! ‘டோப்பி’ என்ற பெயர் ரொம்பப் புதுசாக இருக்கிறதே என்று யாரோ ஆட்சேபித்தபோது, ஷேக்ஸ்பியரே பயன்படுத்திய வார்த்தை அது என்று வால்ட் ஒரு போடு போட்டாராம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரில் அப்படி ஒன்று இருப்பதாக இதுவரை யாரும் எடுத்துக் காட்டவில்லை. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இந்த டெக்னிக் நன்றாக வேலை செய்திருக்கிறது.

போனஸால் நிஜமாகவே நியாயம் கிடைத்தது குரல் கொடுத்தவர்களுக்கு. ஒரிஜினல் டைட்டிலில் ஒருவர் பெயரும் கிடையாது. ஸ்னோ ஒயிட்டாகப் பேசிப் பாடியவர் ஏட்ரியானா காசலோட்டி. அவருடைய அப்பா ஒரு பாட்டு வாத்தியார். யாராவது சின்னப் பெண் குரல் இருக்கிறதா என்று ஸ்டுடியோவிலிருந்து அப்பாவுக்கு போன் வந்தபோது, இவர் இன்னொரு ரிசீவரில் ஒட்டுக்கேட்டுக்கொண்டே ‘நான் பாடுகிறேனே’ என்று நடுவில் புகுந்துவிட்டார். மொத்தச் சம்பளம் 970 டாலர் என்பார்கள். படம் முதல் சுற்றில் வசூலித்ததோ சுமார் 80 லட்சம் டாலர்.

முதல் காட்சி நடந்த இரவு இன்னும் விசேஷம். கார்தே சர்க்கிள் வாசலில் சார்லி சாப்ளினும் மார்லின் டீட்ரிச்சும் காரை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். காசலோட்டிக்கும் இளவரசனுக்குக் குரல் கொடுத்த ஹாரி ஸ்டாக்வெல்லுக்கும் டிக்கெட் இல்லை! நான்தான் ஸ்னோ ஒயிட், இவர்தான் இளவரசர் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். நீ சூனியக்காரியாகவே இருந்தாலும் டிக்கெட் வேண்டும் என்று வாசலில் நின்ற பெண் சொல்லிவிட்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இருவரும் நைசாக உள்ளே நுழைந்து மாடியில் நின்று பார்த்தார்கள். காசலோட்டி பிற்காலத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. கசப்பே இல்லாமல் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கசப்போடு கோர்ட்டுக்குப் போனவரும் உண்டு. ‘லேடி அண்ட் த டிராம்ப்’ படத்துக்குப் பாட்டெழுதி, சயாமீஸ் பூனைகளுக்குக் குரலும் கொடுத்த பாடகி பெகி லீ. அந்தப் படம் கேசட்டில் வந்து சக்கைப்போடு போட்டதும் தன் 1952 ஒப்பந்தத்தைத் தூசி தட்டிப் பார்த்தார். பொதுமக்களுக்கு விற்கும் பதிவுகளுக்கு அவருடைய சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி அதில் இருந்தது. 1952-ல் கேசட் ஏது? யாரும் கவனிக்காத அந்த ஒரு வரிக்காக 1991-ல் 23 லட்சம் டாலர் வாங்கினார். பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

எந்த எடிஷனிலும் விலாவாரியாகப் பேசாத விஷயமும் ஒன்று உண்டு. படம் தொடங்கியதும் ஒரு அட்டை வரும். ஊழியர்களின் விசுவாசத்துக்கும் உழைப்புக்கும் வால்ட் மனமார நன்றி சொல்லியிருப்பார். படம் ஓடி, வந்த பணத்தில் பர்பேங்கில் புது ஸ்டுடியோவும் எழும்பியது. ஓவர்டைம் பார்த்தவர்களுக்கு வருவதாகப் பேச்சிருந்த போனஸ் ஒழுங்காக வரவில்லை என்ற மனக்குறையும் கூடவே எழும்பியது. 1941 மே மாதம் அந்தப் புது ஸ்டுடியோ வாசலிலேயே ஸ்ட்ரைக். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஆர்ட் பாபிட். ஸ்னோ ஒயிட் படத்தில் அவர் வரைந்தது யாரை என்கிறீர்கள்? பொல்லாத ராணியை!

மிச்ச அயிட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 2001 டிவிடியில் சுரங்க வண்டி விளையாட்டு ஒன்று உண்டு. ரிமோட்டை அழுத்தினால் அடுத்த வாரம் நகரும். பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் படத்தின் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். அவர் எது பாடினாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கும் குள்ளர்களுக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடாது.

2009 ப்ளூ-ரேயில் மாயக்கண்ணாடிதான் மெனு. நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்றெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு வழிகாட்டும். ராணியிடம் இருந்த கண்ணாடி அழகை மட்டும்தான் கண்காணித்தது, பாவம்.

அதே தட்டில் ‘டிஸ்னி வியூ’ என்று ஒன்று. பழைய படம் சதுரம், புது டிவி அகலம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. அந்த இடத்தை நிரப்ப டோபி ப்ளூத் என்ற ஓவியரை வைத்துக் காட்டுக்கு ஏற்ற மரம், அரண்மனைக்கு ஏற்ற தூண் என்று ஓரத்தில் வரையச் சொன்னார்கள். அழகாகத்தான் செய்திருக்கிறார். இவருடைய அண்ணன் டான் ப்ளூத் 1979-ல் டிஸ்னியோடு மனஸ்தாபப்பட்டு ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வெளியேறியவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் காலி செய்த இடத்தை இன்னொருவர் நிரப்பியது சினிமாவில் அபூர்வம்.

ஹைபீரியன் அவென்யூவில் இருந்த பழைய ஸ்டுடியோவையும் அந்த ப்ளூ-ரேயில் சுற்றிக் காட்டுகிறார்கள். எந்த அறையில் கதை பேசினார்கள், எங்கே மை தொட்டு வண்ணம் தீட்டினார்கள் என்று பொறுமையாகப் போகிறது. எனக்குப் பிடித்தது இது. நேரில் போய்ப் பார்க்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, காய்கறிப் பிரிவில் ஆப்பிளும் கிடைக்கும்.

2016 எடிஷனைப் பற்றி என்ன சொல்ல? மூன்று வருஷத்துக்கு மேல் நூற்றுக்கணக்கானோர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த 83 நிமிடப் படத்தை, எழுபது விநாடி ராப் பாட்டாகச் சுருக்கி ஒரு போனஸ் போட்டிருக்கிறார்கள். ஏழு தகவல்கள் என்று ஒரு துண்டு வேறு. 2001-ல் இருந்தவர்கள் படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நம்மை உட்காரச் சொன்னார்கள். 2016-ல் இருந்தவர்களுக்கு நாம் எழுந்து போய்விடுவோமோ என்ற பயம்.

2023-ன் 4கே விஷயத்தில் நான் வாயைத் திறக்கமாட்டேன், ஏனென்றால் படம் அவ்வளவு அழகாக இருக்கிறது. 1993-லேயே ஏறக்குறைய 1,20,000 ஃபிரேம்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தூசி, கீறல் எல்லாம் துடைத்து மறுபடி ஃபிலிமில் இறக்கினார்கள். முழுப் படத்துக்கும் அப்படிச் செய்தது உலகத்திலேயே முதல்முறை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு எடிஷனுக்கும் ஒரு முறை துடைக்கிறார்கள். ஸ்னோ ஒயிட்டின் கவுன் நிறம்கூட எடிஷனுக்கு எடிஷன் லேசாக மாறும். உருப்படியான புது போனஸ்தான் இல்லை.

ஆக, என் தீர்ப்பு இது. படத்துக்கு 2023, போனஸுக்கு 2001. பழைய டிவிடி விற்கும் கடையில் அந்த இரண்டு தட்டு பிளாட்டினம் எடிஷன் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். இரண்டாவது தட்டு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் கடைக்காரர் எதிரிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் சூப்பைப் போடுங்கள். சுரங்க வண்டிப் பக்கம் போகாதீர்கள்.